9 பாட்டு, 41 நிமிடம், ஒரு 'டிக்' சத்தம்: வெளியிடலாமா, இன்னும் இழைக்கலாமா?

பனிமூட்டம் (கோத்தகிரி)
ஞாயிறு, இரவு 9.50

வணக்கம். இங்கே படிக்க மட்டும் வருகிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

கோத்தகிரிக்குக் கொஞ்சம் வெளியே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டின வீடு. பின்கட்டில் பத்தடிக்கு ஒன்பதடி அறை ஒன்று இருக்கிறது. அதில் உட்கார்ந்து மூன்று வருடமாக ஒரு ஆல்பம் செய்துகொண்டிருக்கிறேன். பாட்டும் கிட்டாரும் நான். புல்லாங்குழலும் டோலக்கும் நண்பர்கள் இருவர். இரண்டு மைக் குத்தக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், பழைய லேப்டாப்பில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள். சுவருக்குக் கம்பளியும் இரண்டு பழைய மெத்தையும். கூரை தகரம் என்பதால் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை எதுவும் பதிவு செய்ய முடியாது, அப்புறம் ஐப்பசி மழை வந்துவிடும். மூன்று வருடம் என்று சொல்வதில் பாதி மழைக்குப் போனதுதான்.

பதிவெல்லாம் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. அதற்கப்புறம் தினமும் ராத்திரி எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கிறேன். நாலாவது பாட்டுக்கு மட்டும் 31 மிக்ஸ், அதாவது குரலையும் கிட்டாரையும் வேறு வேறு விதமாகக் கலந்த 31 வடிவம், ஆகியிருக்கிறது. எங்கள் பாப்பா 12-ஆவது மிக்ஸ் போட்டால்தான் தூங்குகிறாள், மற்றதுக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். அது வேறு கதை.

இந்த நாலாவது பாட்டு பக்கத்து லைன் வீட்டுப் பாட்டி பாடியது. எண்பதைத் தாண்டிய வயது. இலங்கையில் தோட்டத்தில் பிறந்து, எழுபதுகளில் கப்பலேறி வந்தவர். அவருடைய அம்மா பாடின தாலாட்டை ஒருநாள் விளக்கு வைத்த பிறகு வந்து ஒரே மூச்சில் பாடிவிட்டுப் போனார். அடியில் கிட்டார் மட்டும் நான் பின்னால் சேர்த்தேன். ஆல்பத்திலேயே எனக்குப் பிடித்தது அதுதான். அதில்தான் 'டிக்' என்று ஒரு சத்தம் விழுந்திருக்கிறது. பாட்டி மூச்சு வாங்குகிற இடைவெளியில் நன்றாகவே கேட்கிறது. கேபிள் மாற்றியாயிற்று, மைக்கைக் கழற்றி மாட்டியாயிற்று. பாட்டி இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார், மறுபடி பாடச் சொல்ல வழியில்லை.

இன்னொரு குழப்பம். என் அறையில் பேஸ், அதாவது அடிச் சுருதி, திம்மென்று கேட்கிறது என்று குறைத்தேன். நண்பரின் ஜீப்பில் போட்டால் பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. சத்தமும் மற்ற பாட்டுகளைவிடக் குறைவாக இருக்கிறதோ என்று, உச்சத்தை அமுக்கி மொத்தச் சத்தத்தைக் கூட்டுகிற லிமிட்டர் போட்டு ஏற்றியிருக்கிறேன். பாட்டியின் பாட்டை விற்கவோ வெளியிடவோ எனக்கு உரிமை இருக்கிறதா என்பதும் தெரியாது. எதிலிருந்து ஆரம்பிப்பது?


ரயிலடி (குன்னூர்)
ஞாயிறு, இரவு 10.35

வாங்க தம்பி. நான் சென்னையில் பல வருடம் மிக்ஸிங் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். வீடு ரயிலடிக்கு மேலே. ஊட்டியிலிருந்து வரும் டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மேட்டுப்பாளையத்துக்கு நீராவி எஞ்சினை மாட்டும்போது ஒரு விசில் அடிப்பான் பாருங்கள், அதற்கு எந்த மெத்தையும் தாங்காது. நேரம் பார்த்துத்தான் மைக்கைத் திறப்பேன்.

முதலில் பேஸ். பத்தடி என்றால் ஏறக்குறைய 3 மீட்டர். ஒலியின் வேகத்தை அந்த நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ் வரும். அந்த அதிர்வு உங்கள் இரண்டு சுவருக்கும் நடுவில் நின்று ஆடும். உங்கள் பாட்டுகள் எந்தச் சுருதி? ஆறு கட்டை என்றால், அதாவது ஏ என்றால், அடி ஏ 55 ஹெர்ட்ஸ். அச்சாக உங்கள் அறையின் எண்ணிலேயே வந்து விழுகிறது. அறை ஊதிக் காட்டியதை நீங்கள் பாட்டின் குற்றம் என்று நினைத்து வெட்டியிருக்கிறீர்கள். கம்பளியும் மெத்தையும் மேல் சுருதிகளைத்தான் உறிஞ்சும், 56 ஹெர்ட்ஸுக்கு அது காகிதம் மாதிரி. உட்காரும் இடத்தை மாற்றிப் பாருங்கள். அறையின் நட்ட நடுவும் வேண்டாம், சுவரோரமும் வேண்டாம். பேஸை நல்ல ஹெட்போனில் முடிவு செய்யுங்கள், ஜீப்பில் சரிபாருங்கள்.

'டிக்' பற்றி இரண்டு கேள்வி. சம இடைவெளியில் விழுகிறதா? பகலில் பதிவு செய்த பாட்டுகளில் இருக்கிறதா?


பனிமூட்டம் (கோத்தகிரி)
திங்கள், காலை 6.15

அண்ணா, ஆறு கட்டைதான். ஒன்பதில் ஆறு பாட்டு ஆறு கட்டை. தலையில் அடித்துக்கொண்டேன். இந்த மூன்று வருடத்தில் ஒருதடவைகூட டேப் எடுத்து அறையை அளந்து கணக்குப் போடத் தோன்றவில்லை.

இடைவெளியை அளந்துவிட்டேன். ஒரு 'டிக்'குக்கும் அடுத்ததற்கும் சரியாக 1.3 விநாடி. எங்கே அளந்தாலும் 1.3. பகலில் எடுத்த ஐந்து பாட்டில் இல்லவே இல்லை. ராத்திரி எடுத்த நாலிலும் இருக்கிறது. மற்ற மூன்றில் டோலக் அடியில் ஒளிந்துகொண்டிருந்ததால் இதுவரை கவனிக்கவில்லை.


வயரிங் வாத்தியார் (அரவேணு)
திங்கள், காலை 7.05

எனக்கு மியூசிக் தெரியாது. மகன் இந்த இழையைக் காட்டினான். 1.3 விநாடி, ராத்திரி மட்டும் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் காட்டெருமைக்கு சோலார் வேலி போட்டிருக்கிறார்களா? சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டு விடிந்ததும் அணைக்கிறார்களா?


பனிமூட்டம் (கோத்தகிரி)
திங்கள், காலை 7.12

ஆமாம் சார்!!


வயரிங் வாத்தியார் (அரவேணு)
திங்கள், காலை 7.40

அதுதான். வேலியில் கரண்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்காது. எனர்ஜைசர் பெட்டி ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேல் இடைவெளி விட்டுப் பல ஆயிரம் வோல்ட்டில் ஒரு சொடுக்கு சொடுக்கும். தொட்ட மாடு கையை, அதாவது மூக்கை, எடுக்க அவகாசம் வேண்டுமே. அந்தச் சொடுக்கு மண் வழியாகத்தான் பெட்டியின் எர்த் கம்பிக்குத் திரும்பும். பெட்டியின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், வீட்டு எர்த் வழியாக அது உள்ளே வரும். பழைய ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு இந்த 'டிக்' நன்றாகத் தெரியும். இரண்டு எர்த்துக்கும் நடுவில் 10 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது விதி.

இன்று ராத்திரி ஒரு சோதனை செய்யுங்கள். மைக்கைப் பிடுங்கிவிட்டு, வெறுமனே பதிவை ஓடவிடுங்கள். சார்ஜர் மாட்டி ஒரு நிமிடம், சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஒரு நிமிடம். மைக் இல்லாமலே 'டிக்' வந்தால் அது காற்றில் வரவில்லை, ஒயரில் வருகிறது. மைக் மாட்டினால் மட்டும் வந்தால், ஈரச் செடி எங்கேயோ கம்பியில் உரசிப் பொறி விடுகிறது, அந்தச் சத்தம்.

ஒன்று மட்டும். யாராவது சார்ஜரின் எர்த் பின்னை உடைத்துவிடு, சத்தம் போய்விடும் என்பார்கள். செய்யாதீர்கள். மைக்கில் வாய் வைத்துப் பாடுகிறவர் நீங்கள்.


கூடலூர்க்காரி
திங்கள், மதியம் 1.20

சத்தம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பாட்டி பற்றிச் சொல்கிறேன். நான் வழக்கறிஞர். எங்கள் அம்மாவும் கப்பலில் வந்தவர்தான். தலைமன்னாரில் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அங்கிருந்து நீலகிரி. 1964-இல் இலங்கையோடு போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானதே, அந்தக் கணக்கில் ஒரு தலை.

பாட்டு யார் கட்டியது என்றே தெரியாமல் வாய்வழி வந்தது என்றால், அதன் வரிக்கும் மெட்டுக்கும் பதிப்புரிமை கேட்டு யாரும் வரப்போவதில்லை. ஆனால் பாட்டி பாடினது பாட்டியுடையது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுகிறவருக்கு, ஆடுகிறவருக்கு என்று தனி உரிமை இருக்கிறது. 38-ஆவது பிரிவு. பாடிய வருடம் முடிந்ததிலிருந்து 50 வருடத்துக்கு அது நிற்கும். அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது. 2012 திருத்தத்தில் இன்னொன்றும் சேர்த்தார்கள்: பாடினவர் இன்னார் என்று சொல்லப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை. பதிவு செய்த ஒலி வேறு, அது உங்களுடையது, அதற்கு 60 வருடம்.

நான் கேட்பது வேறு ஒன்று. பாட்டு முழுக்க அவர் அம்மா பாடினதா? எங்கள் அம்மா பாடும்போது பாதிக்கு மேல் சொந்தச் சரக்கு இருக்கும்.


கேசட் தாத்தா
திங்கள், மாலை 4.00

குன்னூர் பஜாரில் கேசட் கடை வைத்திருந்தவன். காலி கேசட் கொண்டு வருவார்கள், லிஸ்ட் எழுதித் தருவார்கள், பதிந்து கொடுப்பேன். சி-60 என்றால் ஒரு பக்கம் 30 நிமிடம். ஏழாவது பாட்டு பாதியில் அறுந்து போகாமல் இருக்க, அதைக் கூட்டி இதைக் கழித்து வரிசையை மாற்றுவேன். வாடிக்கையாளர் எழுதித் தந்த வரிசையைவிட என் வரிசை நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிப் போனவர்கள் உண்டு.

தம்பி, உங்கள் தாலாட்டை நாலாவதில் வைக்காதீர்கள். தாலாட்டு கேட்டவன் அப்புறம் ஐந்தாவது பாட்டு கேட்கிற மனநிலையில் இருக்க மாட்டான். முதல் பக்கத்தின் கடைசியில் வை, இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் கடைசியில் வை.


ரயிலடி (குன்னூர்)
திங்கள், இரவு 8.45

தாத்தா சொல்வது சரி. இன்றைக்குப் பக்கம் திருப்புகிறவர் யாரும் இல்லை என்றாலும், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் எத்தனை விநாடி விடுவது என்பதைக் காதால்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே இரண்டு விநாடி என்று வைக்காதீர்கள். தாலாட்டுக்கு முன்னால் நாலு விநாடி விட்டால்கூடக் குறையில்லை.

சத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? பாட்டின் சராசரிச் சத்தத்தைக் காட்டுகிற லஃப்ஸ் மீட்டரில் மைனஸ் 9, 10 என்று காட்டினால், நீங்கள் மெனக்கெட்டு நசுக்கியது வீண். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் மைனஸ் 14-ஐ ஒட்டி இறக்கிவிடும், ஆப்பிள் மைனஸ் 16-ஐ ஒட்டி. சத்தம் குறைந்துவிடும், நசுங்கினது மட்டும் நசுங்கினபடியே இருக்கும். டோலக்கின் தொப்பியில் கை விழுகிற அந்த அடி போய்விட்டால் திரும்பி வராது. உச்சத்தை மைனஸ் 1 டெசிபலுக்கு மேல் விடாதீர்கள், அவர்கள் சுருக்கும்போது உச்சம் கொஞ்சம் எகிறும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஆல்பமாக வரிசையில் கேட்கும்போது ஸ்பாட்டிஃபை முழு ஆல்பத்தையும் ஒரே அளவில்தான் ஏற்றி இறக்கும். தனித்தனியாகச் சமப்படுத்தாது. அதனால் தாலாட்டை மற்ற பாட்டின் சத்தத்துக்கு இழுக்காதீர்கள். பாட்டி பக்கத்து அறையில் பாடுகிற மாதிரி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். குழந்தையைத் தூங்க வைக்க யாராவது கத்துவார்களா?

அப்புறம், அந்த 12-ஆவது மிக்ஸையும் 31-ஆவது மிக்ஸையும் எனக்கு அனுப்புங்கள். எது எது என்று சொல்லாமல்.


பனிமூட்டம் (கோத்தகிரி)
திங்கள், இரவு 11.30

வாத்தியார் சார், சோதனை முடிந்தது. மைக் இல்லாமல், சார்ஜரோடு: 'டிக்' இருக்கிறது. பேட்டரியில்: இல்லை. கல் மாதிரி நிசப்தம். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், வேலிப் பெட்டியின் எர்த் கம்பி எங்கள் கொல்லைக்கு நாலடி தள்ளித்தான் அடித்திருக்கிறது. நாளைக்கு மேஸ்திரியிடம் பேசுகிறேன். நல்ல மனிதர்தான்.

ராத்திரி எடுத்த மூன்று பாட்டை பேட்டரியில் மறுபடி எடுத்துவிடலாம். பாட்டி பாட்டு 3 நிமிடம் 40 விநாடி. 1.3-ஆல் வகுத்தால் 169 'டிக்'.

அக்கா, நீங்கள் கேட்டதற்குத் திருப்பூருக்கு போன் போட்டேன். முதல் இரண்டு கண்ணி அவர் அம்மாவுடையதாம். மூன்றாவது கண்ணி மண்டபம் முகாமில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவரே கட்டியதாம். "ராமேசரம் கரை தெரியுது, என் ராசாத்தி கண் தொறக்கலையே" என்று வருமே, அது. நான் இத்தனை நாள் அது பழைய பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தலைப்பில் 'மரபுப் பாடல்' என்று போட்டு முடித்திருப்பேன்.


கூடலூர்க்காரி
செவ்வாய், காலை 9.10

படித்துவிட்டு எனக்குக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

சரி. அப்படியென்றால் மூன்றாம் கண்ணிக்குப் பாட்டிதான் பாடலாசிரியர். அவர் காலம் முழுக்கவும் அதற்கப்புறம் 60 வருடமும் அது அவருடையது, அவர் பிள்ளைகளுடையது. விவரம் எழுதும் இடத்தில் இப்படிப் போடுங்கள்: வரிகள், மரபு; மூன்றாம் கண்ணி, பாட்டியின் பெயர். பாடியவர், பாட்டியின் பெயர். கிட்டார், நீங்கள். 'மரபு' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனையோ பேருடைய பெயர் காணாமல் போயிருக்கிறது. இதில் ஒன்றாவது மிஞ்சட்டும்.

ஒரு பக்கத்தில் தமிழில் ஒப்பந்தம் எழுதுங்கள். பதிவை வெளியிடச் சம்மதம், எங்கெங்கே, வருகிற பணத்தில் இவருக்கு எவ்வளவு, சினிமாவோ விளம்பரமோ கேட்டால் தனியாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். எழுதியதை அவருக்கு முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். போனில் வேண்டாம், நேரில் போங்கள். கையோடு ஒரு தொகையும் கொடுங்கள். ஸ்ட்ரீமிங் பணம் வந்து பங்கு கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வராதீர்கள்.


பூம்பாறைப் பூண்டு (கொடைக்கானல்)
செவ்வாய், காலை 11.45

பழனி மலையிலிருந்து ஒரு குரல். நானும் இதே மாதிரி வீட்டிலேயே செய்து வெளியிட்டேன். கூடலூர் அக்கா சொல்கிற ஸ்ட்ரீமிங் பணம் பற்றி: 2024-இலிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் அந்தப் பாட்டுக்குக் காசே கிடையாது. என் ஆல்பத்தில் பாதிக்கு மேல் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். பாட்டை நேராக விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், அதுவும் பணம் கைமாற்றும் கட்டணமும் போக மிச்சம் நமக்கு. தெரிந்த நாற்பது பேர் அங்கே வாங்கியதுதான் எனக்கு வந்த உருப்படியான பணம்.

நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்கள் படாதீர்கள். பாட்டுகளைக் கடைகளுக்கு அனுப்புகிற ஒரு டிஸ்ட்ரிபியூட்டரிடம் முதலில் ஒரு சிங்கிள் போட்டேன், பிறகு ஆல்பம். என் பெயரை ஆங்கில எழுத்தில் ஒன்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் ஒரு 'எச்' கூடச் சேர்த்தும் எழுதித் தொலைத்தேன். ஆல்பம் போய் வேறொருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அவர் பக்திப் பாட்டு பாடுகிறவர். என் பூண்டுத் தோட்டப் பாட்டுக்குக் கீழே அவருடைய ரசிகர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருத்தி வாங்க ஆறு வாரம் ஆயிற்று. எனவே பெயர், பாட்டுத் தலைப்பு எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே நிரப்புங்கள். மொழி என்ற இடத்தில் தமிழ் என்று தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்தில் ஒரு எண் வரும். டிஸ்ட்ரிபியூட்டரே கொடுத்துவிடுவார். ஆனால் ஒருமுறை வந்ததை எழுதி வையுங்கள். பின்னால் வேறு டிஸ்ட்ரிபியூட்டரிடம் மாறினால் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கேட்ட கணக்கு சுத்தமாகப் போய்விடும். அட்டைப் படம் 3000-க்கு 3000 பிக்சல், அதில் போன் நம்பர், இன்ஸ்டா முகவரி, விலை எதுவும் இருக்கக் கூடாது.

தேதி: உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான், 2015 ஜூலையிலிருந்து அப்படி. நாலு வாரம் முன்னாலேயே ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபைக்காரர்களிடம் ஒரு பாட்டைப் பரிந்துரைக்க வெளியீட்டுக்கு ஏழு நாள் முன்னால் வரைதான் வழி.

கடைசியாக, மூன்று பாட்டை மறுபடி எடுக்கப் போகிறேன் என்கிறீர்களே, புல்லாங்குழலும் உண்டா? காலையில் எடுக்காதீர்கள். ஒரு டிகிரி குளிர்ந்தால் குழல் சுருதி ஏறக்குறைய மூன்று சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கும். கொடைக்கானலில் தை மாதம் விடிகாலையில் எடுத்துவிட்டு, மத்தியானம் எடுத்த கிட்டாரோடு சேர்த்தால், வீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு ஒரே மேஜையில் சாப்பிடுகிற மாதிரி இருந்தது. குழலைக் கம்பளிச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி, ஊதிப் பார்த்து, ட்யூனர் வைத்து எடுங்கள்.


ரயிலடி (குன்னூர்)
செவ்வாய், இரவு 9.30

இரண்டு மிக்ஸும் வந்தது. முதல் ஃபைல் நன்றாக இருக்கிறது. இரண்டாவதில் பாட்டியின் குரலில் மூச்சையெல்லாம் வெட்டியிருக்கிறீர்கள், எதிரொலி ஊற்றியிருக்கிறீர்கள், பாட்டி கோயில் மண்டபத்தில் நிற்கிறார். முதலாவதில் பாயில் உட்கார்ந்திருக்கிறார். முதலாவது 12 என்று நினைக்கிறேன்.


பனிமூட்டம் (கோத்தகிரி)
செவ்வாய், இரவு 9.41

12-தான் அண்ணா. நாலு மாத வேலை.


ரயிலடி (குன்னூர்)
செவ்வாய், இரவு 9.55

பாப்பாவுக்கு நன்றி போடுங்கள், ஆல்பத்தில் பெயரும் போடுங்கள்.

'டிக்'கை எடுக்க: கிட்டார் சேர்ப்பதற்கு முந்தின பாட்டியின் தனிக் குரல் ஃபைல் இருக்கும் அல்லவா, அதில் எடுங்கள். 169-ஐயும் தொடாதீர்கள். குரலுக்கு அடியில் இருப்பது யார் காதுக்கும் வராது, அதைத் தொட்டால் குரல் கெடும். இடைவெளியில் இருப்பதை மட்டும் ஒன்றொன்றாக. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருள் இலவசம்தான், அதில் 'ரிப்பேர்' என்று ஒன்று இருக்கிறது, ஒரு தடவைக்கு 128 சாம்பிள், அதாவது ஒலியை அளந்த 128 புள்ளி, வரைதான் பிடிக்கும். விநாடிக்கு 48 ஆயிரம் சாம்பிள் என்ற கணக்கில் அது மூன்று மில்லி விநாடிகூட இல்லை. உங்கள் 'டிக்'குக்கு அது போதும். நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள், முள் மாதிரி நிற்கும். அந்த முள்ளை மட்டும் பிடித்து எடுங்கள். மொத்தமாக ஒரே பட்டனில் முடிக்கிற கருவிகள் பாட்டியின் 'த'வையும் 'க'வையும் 'டிக்' என்று நினைத்து மழித்துவிடும்.


பனிமூட்டம் (கோத்தகிரி)
அடுத்த திங்கள், இரவு 10.20

ஒரு வாரம் ஆயிற்று, நிலவரம் சொல்கிறேன்.

இடைவெளியில் இருந்தது 43. மூன்று ராத்திரியில் எடுத்துவிட்டேன், பேட்டரியில் ஹெட்போனோடு. ஒன்றே ஒன்றை விட்டுவிட்டேன், கடைசிக் கண்ணிக்கு முன்னால் வருவது. அது பாட்டி பல் இல்லாத வாயில் நாக்கைத் தட்டுகிற சத்தம் என்று எடுக்கப் போகும்போதுதான் தெரிந்தது. 1.3 கணக்கில் வரவில்லை.

மேஸ்திரி எர்த் கம்பியைத் தோட்டத்தின் அந்தக் கோடிக்கு மாற்றிக் கொடுத்தார். ஒரு கட்டு வர்க்கி வாங்கிக் கொடுத்தேன். மூன்று பாட்டையும் மறுபடி எடுத்தாயிற்று, மத்தியான வெயிலில். டோலக் மட்டும் ஈரத்துக்குத் தொய்ந்துபோய் இருந்ததால் அடுப்புப் பக்கம் வைத்துவிட்டு அரை மணி நேரம் டீ குடித்தோம்.

சனிக்கிழமை திருப்பூர் போனேன். போகும்போது பஸ்ஸில் ஹெட்போன் மாட்டி முழு ஆல்பமும் கேட்டேன். மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் மேல் சுருதி எல்லாம் போய்விட்டது, மிக்ஸ் மங்கிப்போய்விட்டது என்று பதறி, நோட்டில் பக்கம் பக்கமாகத் திருத்தம் எழுதினேன். அப்புறம் கொட்டாவி விட்டதும் காது 'பொட்'டென்று திறந்தது, எல்லாம் திரும்பி வந்துவிட்டது. மலை இறங்குகிற காது அடைப்பு! அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

ஒப்பந்தத்தைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். பெயர் போடுவேன் என்றதும், தன் பெயர் வேண்டாம், அம்மா பெயரைப் போடு என்றார். கடைசியில் இரண்டு பெயரும் என்று முடிவாயிற்று. கையெழுத்தை மெதுவாக, எழுத்து எழுத்தாகப் போட்டார். பணத்தை மகள் கையில் கொடுக்கச் சொன்னார்.

வரிசை தாத்தா சொன்னபடி. பாட்டி பாட்டு கடைசி. அதற்கு முன்னால் நாலு விநாடி.


கேசட் தாத்தா
திங்கள், இரவு 10.48

பிரமாதம். எனக்கு ஒரு கேசட் போட்டுக் கொடுப்பீர்களா? பிளேயர் இன்னும் ஓடுகிறது.


பூம்பாறைப் பூண்டு (கொடைக்கானல்)
திங்கள், இரவு 11.05

ஏற்றியாயிற்றா இல்லையா? அதைச் சொல்லவில்லையே.


பனிமூட்டம் (கோத்தகிரி)
செவ்வாய், காலை 6.30

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைல், நிமிடத்துக்கு 17 எம்பிக்கு மேல். 41 நிமிடத்துக்கு 700 எம்பியைத் தாண்டுகிறது. எங்கள் வீட்டு டவரில் ராத்திரி முழுக்க ஏற்றி, விடிகாலையில் 80 சதவீதத்தில் கரண்ட் போனது. இன்று கோத்தகிரி பஜாருக்கு பென் டிரைவோடு போகிறேன்.

ஆனால் ஒரு சிக்கல். நேற்று ராத்திரி பாட்டிக்கு போனில் பாட்டைப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ரெண்டாங் கண்ணியில ஒரு அடிய விட்டுட்டேனே சாமி, எங்கம்மா அத எப்பவும் விடாது" என்றார். நான் யோசித்தேன். ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு ஒருநாள் திருப்பூர் போய், அந்த ஒரு அடியை மட்டும்


ரயிலடி (குன்னூர்)
செவ்வாய், காலை 6.34

வேண்டாம்.


கூடலூர்க்காரி
செவ்வாய், காலை 6.41

அந்த அடியைப் பாட்டி சொல்லச் சொல்லத் தாளில் எழுதி வாங்குங்கள், அது முக்கியம். ஆல்பத்தைத் தொடாதீர்கள்.


வயரிங் வாத்தியார் (அரவேணு)
செவ்வாய், காலை 7.15

பஜாரில் பத்து மணிக்குக் கரண்ட் நிறுத்துகிறார்கள், பராமரிப்பு வேலை. சீக்கிரம் கிளம்புங்கள்.


பனிமூட்டம் (கோத்தகிரி)
செவ்வாய், காலை 9.48

ஏற்றிவிட்டேன். ஐந்து வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை. தாத்தா, கேசட்டுக்கு முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். 41 நிமிடத்தை எங்கே வெட்டி இரண்டு பக்கமாக்குவது என்றும் நீங்களே சொல்லிவிடுங்கள்.